ஒதுக்கி வைத்த கத்திரிக்காய்

"அப்போ கத்திரிக்காய் திங்கலாங்கிறயா கண்ணு?" என்று அந்த அம்மா கேட்டதும் நான் சிரித்துவிட்டேன். தாராளமாகச் சாப்பிடலாம் என்று சொன்னதில் இன்றும் எனக்குச் சந்தேகமில்லை. சிரித்ததுதான் உறுத்துகிறது.

முடக்குவாதம் வந்து ஆறு வருடம். கத்திரிக்காய், உருளைக்கிழங்கு, தக்காளி, பருப்பு, தயிர், முட்டை என்று ஒவ்வொன்றாய் விட்டுவிட்டு 41 கிலோவில் வந்து நின்றார். ரத்தசோகை வேறு. கத்திரிக்காயில் இருக்கும் சோலனின் என்ற வேதிப்பொருள் மூட்டைக் கெடுக்கும் என்பது பழைய பேச்சு, நிரூபணம் ஆனதில்லை. நம் ஊரிலோ அது எப்போதுமே கரப்பான் பண்டம். ஓரளவு ஆதாரம் உள்ளது மீன் எண்ணெய்க்குத்தான். அதுவும் தினம் 3 கிராம் ஒமேகா-3 என்று மாதக்கணக்கில் எடுத்தால், வலியும் காலை விறைப்பும் கொஞ்சம் குறையும். வாரம் ஒரு நாள் மத்திக் குழம்பு வைத்தால் அந்த அளவு எட்டாது.

மூன்று வாரம் கழித்து மணிக்கட்டு வீங்கி வந்தார். "நீ சொன்னயேன்னுதான் தின்னேன்."

சீட்டைப் பார்த்தேன். கல்யாணத்துக்கு ஊருக்குப் போனதில் இரண்டு வார மெத்தோட்ரெக்ஸேட் விட்டுப்போயிருந்தது. முடக்குவாதத்தை அடக்க வாரத்துக்கு ஒரே நாள் போடும் மாத்திரை. இரண்டு தவணை போனால் வீங்காதா? அப்பாடா என்றிருந்தது. நோயாளியின் கை வீங்கியிருக்க, எனக்கு அப்பாடா!

அப்புறம்தான் அந்த நார்வே ஆய்வு நினைவுக்கு வந்தது. 1991-ல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது. முடக்குவாதக்காரர்களைச் சில நாள் பட்டினி போட்டு, பிறகு ஒரு நாள் விட்டு ஒரு நாள் ஒவ்வொரு உணவாகச் சேர்த்தார்கள். வலி கூடினால் நிறுத்துவது. ஒரு வாரம் கழித்து மறுபடி கொடுத்துப் பார்த்து, அப்போதும் வலித்தால் அடியோடு விடுவது. பலருக்குக் குணம் தெரிந்தது. தட்டில் இருப்பது என்னவென்று சாப்பிடுகிறவருக்குத் தெரியுமே, மனசு செய்யும் வேலையை எப்படிக் கழிப்பது என்று கேட்கலாம். நானும் கேட்பேன். ஆனால் இந்த அம்மா தன் அடுப்படியில் ஆறு வருடமாகச் செய்ததும் ஏறக்குறைய அதுதானே? அதற்கா சிரித்தேன்?

சாப்பாட்டையும் விறைப்பையும் எழுதச் சொல்லியிருந்த நோட்டைப் புரட்டினேன். செவ்வாய், தங்கச்சி வீடு, சாம்பார் சாதம். மறுநாள் விறைப்பு 20 நிமிடம். மற்ற நாள்களைவிடக் குறைவு.

"அந்தச் சாம்பார்ல என்ன காய்?"

"கத்திரிக்காதான். காயை ஒதுக்கி வெச்சுட்டேன்."

கொதித்த சாம்பாரில் சாறு இறங்கியிருக்குமே என்று வாய்வரை வந்தது. சொல்லவில்லை. சாப்பாட்டுப் பட்டியலில் கத்திரிக்காயை அடித்துவிட்டுப் புடலங்காய் என்று எழுதினேன். பதிலுக்குப் பருப்பையும் முட்டையையும் திரும்பச் சேர்க்க வைத்தேன். பேரம்தான். ஆதாரம் பேசுகிறவள் செய்கிற காரியமா என்று கேட்டால் என்னிடம் பதில் இல்லை.

அடுத்த முறை 43 கிலோ. வீக்கம் வற்றியிருந்தது. மாத்திரையும் ஒழுங்காகப் போட்டிருந்தார்.

"பாத்தியா, கத்திரிக்காயை விட்டதும்!" என்று கையை நீட்டிக் காட்டினார்.

நான் தலையாட்டினேன்.