வலம்புரி ஒளி: சேலம் ஆய்வகக் குறிப்புகள்

அக்டோபர் 7
இடமாகவோ வலமாகவோ திருகிச் சுழலும் ஒளியை (வட்டத் தளவிளைவு ஒளியை) உமிழும் படிகத்தைத் தேடுகிறேன். மாங்கனீஸ் புரோமைடையும், வலக்கை, இடக்கைபோல ஆர், எஸ் என இரு வடிவங்கள் கொண்ட கரிம மூலக்கூறான கைரல் அமீனின் ஆர் வடிவத்தையும் ஹைட்ரோபுரோமிக் அமிலத்தில் கரைத்து மெல்லக் குளிரவிட்டதில், தட்டையான படிகங்கள் கிடைத்துள்ளன. புற ஊதா விளக்கின் கீழ் பச்சையாக ஒளிர்கின்றன. மாங்கனீஸைச் சுற்றி நான்கு புரோமைடுகள் நான்முகியாக நிற்பதன் அடையாளம் அது. ஆறு சூழ்ந்திருந்தால் செந்நிறம் வந்திருக்கும். எஸ் வடிவத்தையும் தனியே வளர்க்கிறேன். வலம்புரிச் சங்குக்கு இடம்புரிபோல, ஒன்று மற்றதன் ஆடி பிம்பம்.

அக்டோபர் 9
இத்தகைய படிகத்துக்கு ஈயத்தை விட்டு மாங்கனீஸை ஏன் எடுத்தாய் என்று நண்பர் கேட்டார். இடம், வலம் ஆகிய இருவகை வட்டத் தளவிளைவு ஒளிச் செறிவுகளின் வேறுபாட்டை அவற்றின் சராசரியால் வகுத்தால் வருவது ஜி-மதிப்பு. அது -2 முதல் +2 வரை அமையலாம். ஒளிர்வில் மின் பங்கு (மின் இருமுனைத் திறன்) மிகுந்தால், ஜி-க்குத் தேவையான காந்தப் பங்கு அமுங்கிவிடுவதால் ஜி சிறுத்துப்போகிறது. ஈய ஹாலைடின் (ஈயம் புரோமின் போன்றவற்றோடு சேர்ந்த சேர்மத்தின்) சிக்கல் இதுவே. மாங்கனீஸின் ஒளிர்வோ, எலக்ட்ரான்களின் மொத்தத் தற்சுழற்சி மாறக் கூடாது என்ற விதியால் பெரிதும் தடுக்கப்பட்டது. அதன் மின் பங்கு வலுவற்றது; எனவே ஜி பெரிதாக வாய்ப்புண்டு. ஆயினும் அமீனின் கைத்தன்மை (கைரல் தன்மை) ஹைட்ரஜன் பிணைப்புகள் வழியாக உலோகத்தின் நான்முகியை எட்டி அதைத் திருகினால்தான் பயன் உண்டு. அமீனைத் தேர்வதில் நான் முதலில் பார்ப்பது அந்தப் பிணைப்பைத்தான்.

அக்டோபர் 14
ஒற்றைப் படிகத்தில் இடம் 103, வலம் 97, ஜி 0.06. மகிழ்ச்சியில் கை நடுங்கியது. பிறகு படிகத்தை 90 பாகை திருப்பினேன். இரு எண்களும் ஒன்றுக்கொன்று மாறி, ஜி -0.06 ஆனது. உண்மையான வட்ட ஒளி படிகத்தைத் திருப்புவதால் குறி மாறாது. படிகத்தின் இரட்டை ஒளிவிலகலும் (திசைக்கேற்ப ஒளியின் வேகம் மாறுதல்) நேர்கோட்டுத் தளவிளைவும் (ஒளி ஒரே தளத்தில் அதிர்தல்), இடம் வலம் பிரித்தறிய உதவும் கால் அலைத் தட்டின் சிறு பிழையோடு சேர்ந்து என்னை ஏமாற்றியிருக்கின்றன. மிகவும் வருந்தினேன்.

அக்டோபர் 17
ஏற்காட்டில், வீட்டில். விடாத மூடுபனி. மாதிரிகளைச் சேலத்திலேயே உலர்கலத்தில் வைத்துவிட்டு வந்தது நல்லதாயிற்று. இவை ஈரத்தை விரைவாக உறிஞ்சும்.

அக்டோபர் 21
படிகங்களை நுண்துகளாக்கி, எத்திசையும் மேலோங்காதபடி மெல்லிய படலமாகப் பரப்பி அளந்தேன். ஆர்: இடம் 1003, வலம் 997, ஜி 0.006. எப்படித் திருப்பினாலும், முன்பின்னாகக் கவிழ்த்தாலும் மாறவில்லை. எஸ் வடிவத்தில் அதே அளவு, எதிர்க்குறி. பத்தில் ஒரு பங்காகச் சுருங்கிய இந்த எண்ணைத்தான் நான் நம்புகிறேன். இரண்டையும் சம அளவில் கலந்து வளர்த்த படிகம் நாளை தயாராகும். அதில் ஜி சுழியாக வர வேண்டும்.