நாத்திகரை எப்படிச் சாகவிடுகிறார்கள்?

ஒரு நாவலில் கடவுள் நம்பிக்கை இல்லாத பாத்திரம் வந்தால், அவர் என்ன வாதம் பேசுகிறார் என்பதை நான் பெரிதாகக் கவனிப்பதில்லை. எழுத்தாளர் அவரை எப்படிச் சாகவிடுகிறார் என்றுதான் பார்ப்பேன். அரசு மருத்துவமனையில் செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். பெரும்பாலும் ஆண்கள் மெடிக்கல் வார்டு. நைட் டூட்டியில் வார்டு அடங்கியபிறகு கிடைக்கும் நேரத்தில்தான் நாவல்கள் படித்தேன். மனிதர்கள் சாவதைப் பக்கத்தில் நின்று பார்த்த கண்ணுக்கு, அந்த இடத்தில் யார் உண்மையாக எழுதியிருக்கிறார்கள், யார் பாடம் நடத்துகிறார்கள் என்பது சட்டென்று தெரிந்துவிடும்.

நம் சினிமாவில் இது அனேகமாக ஒரே மாதிரிதான் நடக்கும். கடவுள் இல்லை என்று பேசித் திரிகிறவனுடைய குழந்தைக்கு இடைவேளைக்கு அப்புறம் ஏதாவது ஆகும். டாக்டர் கையை விரிப்பார். கோயில் மணி தானாக அடிக்கும். அவன் சன்னதியில் விழுந்து கதறுவான், குழந்தை கண் திறக்கும். எனக்கு இதில் பக்தியின் மேல் கோபம் இல்லை. என் அம்மா வெள்ளிக்கிழமை விளக்கேற்றாமல் ஒரு வாய் சாப்பிட மாட்டார். அந்த வீட்டில் வளர்ந்தவள் நான். அந்த மனிதன் ஏன் நம்பாமல் இருந்தான், அந்த நம்பாமையோடு எப்படி வாழ்ந்தான் என்று கேட்கக்கூட ஆளில்லை என்பதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. அவனைப் படைத்ததே மண்டியிட வைப்பதற்குத்தான்.

வார்டில் நான் பார்த்தது வேறு. நெற்றி நிறையத் திருநீறோடு வந்தவரும் பயப்படுவார். சாமியாவது பூதமாவது என்று பேசியவரும் பயப்படுவார். இரண்டு பக்கமும் பயப்படாதவர்களும் உண்டு. கடைசி நேரத்தில் பெரும்பாலானவர்கள் கேட்பது தண்ணீர், கொஞ்சம் ஒருக்களித்துப் படுக்க உதவி, அப்புறம் 'சின்னவன் வந்துட்டானா?' கடவுள் பற்றிய பேச்சை ஆரம்பிப்பது அனேகமாகக் கட்டிலைச் சுற்றி நிற்கிறவர்கள்தான்.

இதை இவ்வளவு சரியாகப் பிடித்தவர் ரஷ்ய நாவலாசிரியர் துர்கனேவ். 'தந்தையரும் தனயரும்' 1862இல் வந்தது. அதில் வரும் பஸாரவ் மருத்துவம் படிக்கிற இளைஞன். தவளைகளை அறுத்துப் பார்க்கிறவன். எந்த அதிகாரத்துக்கும் தலைவணங்காதவன். ஊருக்குத் திரும்பியவன், டைஃபஸ் என்ற தொற்றுக் காய்ச்சலில் இறந்த ஒரு விவசாயியின் பிரேதப் பரிசோதனையில் விரலை வெட்டிக்கொள்கிறான். காயத்தைச் சுட்டுப் பொசுக்கும் சில்வர் நைட்ரேட் அங்கிருந்த டாக்டரிடம் இல்லை. வீட்டுக்கு வந்து, ராணுவத்தில் டாக்டராக இருந்து ஓய்வு பெற்ற அப்பாவிடம் கேட்கிறான். அதற்குள் சில மணி நேரம் போய்விட்டது. இனிப் பிரயோஜனமில்லை என்று அவனுக்கே தெரியும். ஊசி குத்தினால் உடனே கையைக் கழுவு, உடனே சொல் என்று புதிதாக வந்த பெண்களிடம் படித்துப் படித்துச் சொன்னவள் நான். அந்தப் பக்கத்தில் எனக்கு வயிற்றைக் கலக்கியது. பின்னால் உடம்பில் சிவப்புப் புள்ளிகள் வந்ததும், அப்பா அதன் பெயரைச் சொல்ல மனமில்லாமல் இழுக்கிறார். மகன்தான் கறாராக, தெளிவாகச் சொல்கிறான்: பையீமியா. கிருமி ரத்தத்தில் பரவுவது, இன்று நாம் செப்சிஸ் என்று சொல்வதன் ஒரு வகை.

அப்புறம் அப்பா கெஞ்சுகிறார், பாதிரியாரை அழைக்கலாம் என்று. பஸாரவ் கத்தவில்லை, கொள்கை பேசவில்லை. உங்களுக்கு ஆறுதல் என்றால் மறுக்க மாட்டேன், ஆனால் அவசரம் இல்லையே, நினைவில்லாதவர்களுக்கும் அதைக் கொடுக்கிறார்கள் அல்லவா என்கிறான். பெற்றவரின் மனதையும் நோகடிக்காமல், தன்னையும் விட்டுக்கொடுக்காமல் ஒரு பதில். நினைவு போனபிறகு சடங்கு நடக்கிறது. எண்ணெய் பூசும்போது ஒரு கண் திறக்கிறது; பாதிரியாரையும் தூபப் புகையையும் பார்த்ததும் அந்த முகத்தில் திகில் போல ஏதோ ஓடுகிறது. துர்கனேவ் அதற்கு விளக்கம் தருவதில்லை. அதோடு நிறுத்தியிருந்தாலே பெரிய எழுத்து. ஆனால் மகன் போனபிறகு, பக்தரான அந்தக் கிழவர் வானத்தைப் பார்த்து முஷ்டியை ஆட்டி, முறையிடுவேன் என்று சொன்னேனே, முறையிடுவேன் என்று கத்துகிறார். நம்பாதவன் அமைதியாகப் போய்ச் சேர்ந்தான். நம்பியவர்தான் கடவுளோடு சண்டை போடுகிறார். கட்டிலருகே நின்ற யாருக்கும் இது புதிதில்லை.

என் அப்பா மதுரையில் ஒரு மில்லில் ஸ்பின்னிங்கில் வேலை பார்த்தார். சாமி கும்பிட மாட்டார். ஏன் என்று கேட்டால், 'எனக்குத் தேவைப்படல' என்பார், அவ்வளவுதான். கட்சி இல்லை, கூட்டம் இல்லை. ஆனால் சித்திரைத் திருவிழாவில் அழகர் ஆற்றில் இறங்கும் அன்று அம்மாவைத் தவறாமல் அழைத்துப் போவார். எங்கள் எல்லாருடைய செருப்பையும் ஒரு மஞ்சள் பையில் போட்டுக் கையில் பிடித்துக்கொண்டு, தம்பியைத் தோளில் ஏற்றிக்கொண்டு, கூட்டத்துக்கு வெளியே ஓரமாக நிற்பார். பஞ்சுத் தூசியில் நுரையீரல் போய்ப் படுத்த படுக்கையானபோது, எனக்குத் திருநீறு பூச வேண்டாம் என்று சொல்லிவிட்டு, கொஞ்சம் மூச்சு வாங்கி, 'உங்க அத்தை பூசுனா பூசிட்டுப் போகட்டும், தடுக்காத' என்றார். அத்தை பூசினார். கை நடுங்கிக்கொண்டே பூசினார். நாங்கள் யாரும் தடுக்கவில்லை. பதினாறாம் நாள் காரியம் வேண்டாம் என்று அவர் நோட்டில் எழுதிவைத்திருந்ததைத் தம்பி எல்லார் முன்னாலும் படித்தான், அதன்படியே விட்டோம்.

எழுதிவைத்தது என்றதும் ஒரு பிரெஞ்சு நாவலைச் சொல்லியாக வேண்டும். ரொழே மர்த்தேன் து கார் 1913இல் எழுதிய 'ழான் பருவா'. பெரும்பகுதி நாடகம் போல உரையாடலாகவே போகும். பருவா கத்தோலிக்கனாக வளர்ந்து, அறிவியல் படித்து நம்பிக்கையை விட்டவன். பத்திரிகை நடத்தி, டிரைஃபஸ் என்ற யூத ராணுவ அதிகாரியைத் துரோகி என்று பொய்யாகத் தண்டித்த வழக்கில் நியாயத்தின் பக்கம் நின்றவன். ஒருநாள் வண்டி விபத்தில் சாவு கண்முன் வந்து நிற்கும்போது, அவன் வாயில் தன்னை அறியாமல் சின்ன வயதில் சொன்ன மரியாவின் ஜெபம் வந்துவிடுகிறது. பிழைத்து எழுந்தவனுக்கு அதுதான் பெரிய அதிர்ச்சி. உடனே உட்கார்ந்து ஓர் உயில் எழுதுகிறான்: இன்று புத்தி தெளிவாக, உடம்பு திடமாக இருக்கும்போது நான் நம்புவதுதான் என் முடிவு, கிழடு தட்டி, நோயில் தளர்ந்தபிறகு நான் என்ன சொன்னாலும் அது கணக்கில் வராது என்று.

கடைசியில் அவன் பயந்தபடியே நடக்கிறது. நோய், பயம், திரும்பவும் தேவாலயம். அவன் இறந்தபிறகு மனைவி அந்த உயிலைக் கண்டெடுத்து நெருப்பில் போடுகிறாள், பாதிரியார் பார்த்துக்கொண்டிருக்க.

பருவா மனம் மாறியதில் எனக்கு வருத்தம் இல்லை. நோய் மனிதனை என்னவெல்லாம் செய்யும் என்று எனக்குத் தெரியும். ஆசிரியர் அதை நேர்மையாக, படிப்படியாக எழுதியிருக்கிறார். அதே நாவலில் லூஸ் என்ற அவனுடைய மூத்த நண்பர் நம்பாதவராகவே, கலங்காமல் சாகிறார், அதையும் எழுதியிருக்கிறார். ஆனால் அந்த நெருப்பு என்னை விடவில்லை. சுயநினைவில் ஒருவர் சொன்னது பெரிதா, ஜுர வேகத்தில் முனகியது பெரிதா? மருத்துவமனையில் இந்தக் கேள்விக்கு எங்களுக்குச் சந்தேகமே கிடையாது. தெளிவாக இருக்கும்போது ஒருவர் கையெழுத்துப் போட்டதைத்தான் எடுத்துக்கொள்வோம்.

எனக்கு மிகவும் பிடித்தவரைக் கடைசிக்கு வைத்திருந்தேன். ரவீந்திரநாத் தாகூரின் 'சதுரங்க' நாவலில் வரும் ஜகமோகன். 1914, 15 வாக்கில் பத்திரிகையில் வந்து, 1916இல் நூலானது. கீதாஞ்சலி எழுதிய கை அப்புறம் எழுதியது இது என்பதை மறக்கக் கூடாது. பக்தியில் ஊறிய ஒரு கவிஞர், நான் படித்ததிலேயே உயரமான நாத்திகரைப் படைத்திருக்கிறார்.

ஜகமோகன் கல்கத்தாவில் தம்பி ஹரிமோகனோடு ஒரே வீட்டில் இருக்கிறார். தம்பி ஆசாரம் பார்ப்பவர். தம்பி மகன் சசீஷ் பெரியப்பாவின் சீடன். ஒருநாள் ஜகமோகன், பக்கத்தில் குடியிருக்கும் தோல் வேலை செய்கிற முஸ்லிம் ஏழைகளை வீட்டுக்கு அழைத்து விருந்து வைக்க ஏற்பாடு செய்கிறார். தம்பி கொதிக்கிறார். அண்ணன் சொல்கிற பதிலின் சாரம் இது: நீ தினமும் உன் சாமிக்குப் படைக்கிறாய், நான் ஒன்றும் சொல்வதில்லை, நான் ஒருநாள் என் சாமிகளுக்குப் படைக்கிறேன், நீ தடுக்காதே. இவர்களா உன் சாமி என்று தம்பி கேட்க, ஆமாம், இவர்களிடம் ஓர் ஆச்சரியமான சக்தி இருக்கிறது, முன்னால் சோற்றை வைத்தால் கையால் எடுத்துச் சாப்பிட்டுவிடுவார்கள், உன் சாமிகளில் ஒன்றுக்காவது அது முடியுமா என்கிறார்.

அடுத்து வருவது இன்னும் பெரிது. தேவஸ்தானச் சொத்தை நிர்வகிக்க ஒரு நாத்திகனுக்கு உரிமையில்லை என்று தம்பி வழக்குப் போடுகிறார். கோர்ட்டில் ஜகமோகன் ஒளிக்காமல் ஒப்புக்கொள்கிறார்: கடவுளை நம்பவில்லை, சாப்பாட்டில் தீட்டு பார்ப்பதில்லை. தோற்கிறார். மேல்முறையீடு செய்தால் ஜெயிக்கலாம் என்று வக்கீல்கள் சொல்லியும் போகவில்லை. நான் நம்பாத சாமியைக்கூட என்னால் ஏமாற்ற முடியாது என்கிறார். இந்த இடத்தில் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு வார்டை ஒரு சுற்று சுற்றி வந்தேன்.

கடைசியில் பிளேக் வருகிறது. கல்கத்தாவில் 1898இல் உண்மையாகவே வந்ததுதான். மருத்துவமனைக்குப் பிடித்துப் போய்விடுவார்களே என்று ஜனங்கள் டாக்டரைக் கூப்பிடவே பயப்படுகிறார்கள். ஜகமோகன் அந்த மருத்துவமனையைப் போய்ப் பார்த்துவிட்டு வந்து, நோய் வந்ததால் மனிதர்கள் குற்றம் செய்துவிட்டார்களா என்கிறார். தன் வீட்டையே சின்ன ஆஸ்பத்திரி ஆக்குகிறார். முதல் நோயாளி ஒரு முஸ்லிம், பிழைக்கவில்லை. இரண்டாவது நோயாளி ஜகமோகனே. நான் இத்தனை நாள் கடைப்பிடித்த தர்மம் இன்று தன் கடைசிப் பரிசைத் தந்துவிட்டது, எனக்குக் குறையில்லை என்று சசீஷிடம் சொல்லிவிட்டுச் சாகிறார். வாழ்நாளில் பெரியப்பாவின் காலைத் தொட்டு வணங்காத சசீஷ், அன்று முதலும் கடைசியுமாக வணங்குகிறான். நாத்திகன் சாவு இப்படித்தான் இருக்கும் என்று ஹரிமோகன் சொல்ல, ஆமாம் என்கிறான் பையன், பெருமையோடு. தூற்றிய வார்த்தையைத் தாகூர் அப்படியே பாராட்டாகத் திருப்பிவிட்டார்.

ஜகமோகனிடம் நம்பாமையும் தீட்டு பார்க்காமையும் பிரிக்க முடியாதவை. அதனால்தான் 'வேதம் புதிது' படத்து பாலுத்தேவரும் எனக்கு முக்கியம். 1987இல் பாரதிராஜா எடுத்தது. சத்யராஜ் நடித்த அந்த நாத்திகரைச் சாமி வந்து உலுக்குவதில்லை. பாலு உங்கள் பேர், தேவர் என்ன படித்து வாங்கிய பட்டமா என்று ஒரு சின்னப் பையன் கேட்கிறான், அங்கேதான் அறை விழுகிறது. கடவுளை விட்டவர் சாதியை விடவில்லை. தமிழ் சினிமா ஒரு நாத்திகரிடம் கேட்ட நியாயமான கேள்வி அதுதான் என்று நினைக்கிறேன்.

பிரெஞ்சு எழுத்தாளர் காம்யுவின் 'கொள்ளை நோய்' (1947) நாவலைப் பற்றி எல்லாரும் எழுதிவிட்டார்கள். டாக்டர் ரியே, மனிதர்களின் ரட்சிப்பு எனக்குப் பெரிய வார்த்தை, எனக்கு அவர்களுடைய ஆரோக்கியம் போதும் என்பதை எங்கள் டூட்டி அறையிலேயே எழுதி ஒட்டலாம். ஆனால் அதிகம் பேசப்படாத ஒன்று, அதில் பாதிரியார் பனலுவின் சாவு. அவர் டாக்டரை வேண்டாம் என்கிறார், சிலுவையைப் பிடித்தபடி போகிறார். அவருடைய அட்டையில் எழுதுவது: சந்தேகத்துக்குரிய கேஸ். எப்போதும் நாத்திகருக்கே வைக்கும் பரீட்சையைக் காம்யு இங்கே நம்பியவருக்கு வைத்திருக்கிறார், அதுவும் ஏளனம் இல்லாமல்.

இதுவரை சொன்ன எல்லாரும் ஆண்கள். எனக்கு இது பெரிய குறை. நம்பாத பெண்களை நான் வாழ்க்கையில் நிறையப் பார்த்திருக்கிறேன். விரதமும் இருந்துகொண்டு, அதில் ஒன்றும் இல்லை என்று சமையலறையில் மட்டும் சொல்கிறவர்கள். கதைகளில் அவர்களைத் தேட வேண்டியிருக்கிறது. 'சதுரங்க'த்தின் தாமினி ஒருத்தி. கணவன் சாகும்போது வீட்டையும் சொத்தையும், கூடவே அவளையும் குருவிடம் ஒப்படைத்துவிட்டுப் போகிறான். ஊரே அந்தக் குருவின் காலில் விழுகிறது. ஜகமோகன் வளர்த்த சசீஷே அவருக்குச் சீடனாகிவிட்டான். ஜகமோகனுக்குத் துணையாக இருந்த ஜான் ஸ்டூவர்ட் மில், பெந்தாம் என்ற ஆங்கிலத் தத்துவவாதிகள் யாரும் தாமினியிடம் இல்லை. என்னை ஏன் கேட்காமல் கொடுத்தீர்கள் என்ற ஆத்திரம் ஒன்றுதான் அவளுடைய தத்துவம். சாகும்போது அவள், பின்னால் மணந்துகொண்ட இரண்டாவது கணவன் ஸ்ரீபிலாஸிடம், ஆசை தீரவில்லை, அடுத்த பிறவியிலும் நீ எனக்குக் கிடைக்க வேண்டும் என்கிறாள்.

தாகூர் கடைசியில் அவளை மறுபிறவியில் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டார் என்று இதைப் படிக்கலாம். நான் அப்படிப் படிக்கவில்லை. அவள் அதைக் கேட்டது எந்தச் சாமியிடமும் அல்ல, எந்தக் குருவிடமும் அல்ல, பக்கத்தில் உட்கார்ந்திருந்த புருஷனிடம்.