மீனைப் புதுத் தொட்டிக்கு மாற்றிய கதை

கட்டளைகளை எழுத்தில் அடித்துக் கணினியிடம் வேலை வாங்கும் ஜன்னல்தான் டெர்மினல். புது டெர்மினல் மின்னல் வேகம் என்று சொல்லித்தான் இறக்கினேன். எழுத்துகளை வரைவதே கிராபிக்ஸ் சிப்தானாம். ஐகானைச் சொடுக்கினேன். ஜன்னல் வந்தது, போனது. சத்தியமாக நான் கண் சிமிட்டவில்லை. மறுபடி சொடுக்கினேன். வந்தது, போனது. உள்ளே ஏதோ ஒரு வரி தெரிந்தது. படிப்பதற்குள் மறைந்துவிட்டது. வேகத்தில் குறையே சொல்ல முடியாது.

எந்த டெர்மினல் என்று கேட்காதீர்கள். தப்பு முழுக்க என்னுடையது.

அந்த ஜன்னலுக்குள் நாம் அடிக்கும் கட்டளையைப் படித்து வேலை செய்வது ஷெல். நான் பல வருடமாக ஃபிஷ் ஷெல் ஆள். 2005-இல் வந்தது அது. 'நட்பான ஊடாட்ட ஷெல்' என்பதன் சுருக்கம்தான் ஃபிஷ். மற்ற ஷெல்களுக்கு ஆயிரம் வரியில் அமைப்புக் கோப்பு எழுதி, செருகுநிரல் போட்டு அலங்காரம் செய்ய வேண்டும். இது பெட்டியைத் திறந்ததுமே நிறத்தோடும் பரிந்துரையோடும் வந்து நிற்கும். இரண்டு எழுத்து அடித்தால், போன வாரம் அடித்த முழுக் கட்டளையையும் சாம்பல் நிறத்தில் மீதியாகக் காட்டும். வலது அம்புக்குறியைத் தட்டினால் போதும், வேலை முடிந்தது. சோம்பேறிக்கு வேறென்ன வேண்டும்?

ஆனால் கொஞ்சம் வாத்தியார் குணம் உண்டு. முந்தைய கட்டளை ஒழுங்காக முடிந்ததா என்று பார்க்க, டாலர் கேள்விக்குறி என்று பழைய பழக்கத்தில் அடித்துவிட்டால், அது எக்ஸிட் ஸ்டேட்டஸ் அல்ல, இங்கே டாலர் ஸ்டேட்டஸ் என்று எழுதவும் என்று திருத்தும். தெரிகிறது இல்லையா, நீயே போட்டுக்கொள்ளேன்! மாட்டாது. நாமே அழித்துத் திருத்த வேண்டும்.

பக்கத்து இருக்கைத் தம்பி சேர்ந்த புதிதில், "அண்ணே, டெர்மினலும் ஷெல்லும் ஒண்ணுதானே?" என்று கேட்டான். அன்று அரைமணி நேரம் பிரசங்கம் செய்தேன். டெர்மினல் என்பது வெறும் ஜன்னல். 1978-இல் டெக் கம்பெனி விட்ட விடி-100 என்ற கண்ணாடித் திரைப் பெட்டியைத்தான் இன்றைய டெர்மினல்கள் எல்லாம் நடித்துக்கொண்டிருக்கின்றன, அதனால்தான் எமுலேட்டர் என்று பெயர். நாம் அடிப்பதைப் படித்துப் புரிந்துகொண்டு வேலை செய்கிறவர் உள்ளே உட்கார்ந்திருக்கும் ஷெல். ஜன்னல் வேறு, ஜன்னலுக்குப் பின்னால் இருக்கும் ஆள் வேறு. இப்படியெல்லாம் விளக்கியவன்தான், இன்று ஆளே இல்லாத ஜன்னலைத் திரும்பத் திரும்பத் திறந்துகொண்டிருந்தேன்.

நடந்தது இதுதான். பழைய மேக் மடிக்கணினி போய்ப் புதிது வந்தது. அமைப்புக் கோப்புகளை எல்லாம் அப்படியே நகல் எடுத்துப் போட்டேன். டெர்மினலின் அமைப்பில் 'ஷெல் எது' என்ற இடத்தில் ஃபிஷ்ஷின் முழு முகவரி இருந்தது: யூஎஸ்ஆர், லோக்கல், பின், ஃபிஷ். பழைய இன்டெல் மேக்கில், மென்பொருள்களை நிறுவித் தரும் ஹோம்ப்ரூ எல்லாவற்றையும் அங்கேதான் வைக்கும். 2020 கடைசியிலிருந்து வந்த ஆப்பிள் சிலிக்கான் மேக்கில் அதே ஹோம்ப்ரூ 'ஆப்ட்' என்ற அடைவுக்குக் குடிபெயர்ந்துவிட்டது. டெர்மினல் பாவம், கொடுத்த முகவரிக்குப் போய்க் கதவைத் தட்டியிருக்கிறது. யாருமில்லை. ஷெல் இல்லாவிட்டால் ஜன்னலுக்கு என்ன வேலை? மூடிக்கொண்டு போய்விட்டது.

இதெல்லாம் பிறகு தெரிந்தது. அப்போது எனக்குத் தெரிந்தது ஒன்றுதான்: அமைப்புக் கோப்பைத் திருத்த வேண்டும். கோப்பு எங்கே? வீட்டு அடைவுக்குள், புள்ளியில் தொடங்கும் 'கான்ஃபிக்' அடைவில். மேக்கின் கோப்பு உலாவியான ஃபைண்டரில் போய்ப் பார்த்தால் அப்படி ஒரு அடைவே இல்லை. புள்ளியில் தொடங்குவது எதையும் அது காட்டாது. தேடினேன், இழுத்தேன், ஜன்னலைப் பெரிதாக்கினேன். பெரிதாக்கினால் மறைந்தது தெரிந்துவிடுமா என்ன? கடைசியில் கமாண்ட், ஷிஃப்ட், புள்ளி மூன்றையும் சேர்த்து அழுத்தினால் தெரியும் என்று கண்டுபிடிப்பதற்குள் இருபது நிமிடம் ஓடிவிட்டது.

தம்பி எட்டிப் பார்த்தான்.

"என்னண்ணே, கீபோர்டைப் போட்டு இந்த அடி அடிக்கிறீங்க?"

"டெர்மினல் திறக்க மாட்டேங்குதுடா."

"மேக்கோட வர்ற டெர்மினல் இருக்கே, அதைத் திறந்து பார்க்க வேண்டியதுதானே?"

காலையில்தான் அதை டாக்கிலிருந்து இழுத்து எறிந்திருந்தேன். இனி இது எதற்கு என்று ஒரு வசனமும் பேசியிருந்தேன், அவன் காது கேட்க. ஒன்றும் சொல்லாமல் திறந்தேன். 'விச் ஃபிஷ்' என்று கேட்டேன். ஆப்ட் முகவரியைச் சொன்னது. ஒரே வரி, ஒரே திருத்தம். புது டெர்மினல் திறந்தது. 'ஃபிஷ்ஷுக்கு நல்வரவு' என்று வரவேற்பும் வந்தது.

அடுத்து ஹோம்ப்ரூவின் கட்டளையான 'ப்ரூ' என்று அடித்தேன். அப்படி ஒரு கட்டளையே தெரியாது என்றது ஃபிஷ். அந்த ப்ரூதான் உன்னையே இந்தக் கணினியில் நிறுவியது, அதைத் தெரியாது என்கிறாயே! இதிலும் அதே வியாதி. ஐகானைச் சொடுக்கித் திறக்கும் செயலிக்கு மேக் கொடுக்கும் பாத் மாறியில், அதாவது கட்டளைகளைத் தேட வேண்டிய இடங்களின் பட்டியலில், நாலே நாலு அடைவுகள்தான் இருக்கும். மீதியை ஷெல்லின் அமைப்பில் நாம் சேர்க்க வேண்டும். நான் சேர்த்துத்தான் வைத்திருந்தேன், பழைய முகவரியை. ஒரே தப்பை இரண்டு கோப்பில் செய்பவனுக்கு என்ன பெயர் வைப்பது என்று தெரியவில்லை.

இத்தோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் கோடு எடிட்டருக்குள் இருக்கும் குட்டி டெர்மினல் இசட்ஷெல்லைத் திறந்தது. 2019-இல் கேட்டலினா என்ற மேக் இயங்குதளப் பதிப்பு வந்ததிலிருந்து மேக்கில் அதுதான் இயல்பு ஷெல். எனக்கு எங்கும் ஃபிஷ் வேண்டும். அதற்கு 'சிஹெச்எஸ்ஹெச்' கட்டளையில் கணக்கின் ஷெல்லையே மாற்றிவிட்டால் போயிற்று. மாற்றினேன். இது அங்கீகாரம் பெற்ற ஷெல் அல்ல என்று மறுத்துவிட்டது. 'ஈடிசி ஷெல்ஸ்' என்ற கோப்பில் பெயர் இருக்கிறவர்களுக்குத்தான் அனுமதி. அந்தக் கோப்பில் ஒரு வரி சேர்க்க வேண்டும்.

முன்னால் நிர்வாகி அதிகாரம் தரும் சூடோ போட்டு, சொன்ன வரியை அப்படியே வெளியே தரும் எக்கோ போட்டு, இரட்டை அம்புக்குறியால் கோப்புக்குள் தள்ளினேன். அனுமதி இல்லை என்றது. சூடோ போட்டும் அனுமதி இல்லையா? இல்லைதான். சூடோவின் அதிகாரம் எக்கோவுக்கு மட்டும். அம்புக்குறியைக் கையாள்வது நம் ஷெல், அதற்கு ஏது அதிகாரம்? இதற்குத்தான் 'டீ' என்ற கட்டளை வழியாக எழுதச் சொல்வார்கள். எழுதினேன். ஓடியது. ஷெல்லும் மாறியது. அப்பாடா என்று அந்தக் கோப்பை ஒருமுறை திறந்து பார்த்தேன். உள்ளே ஒரே ஒரு வரி. ஃபிஷ்.

டீ கட்டளைக்குப் பின்னால் 'மைனஸ் ஏ' போட்டால்தான் கடைசியில் சேர்க்கும். போடாவிட்டால் இருந்ததை எல்லாம் துடைத்துவிட்டு எழுதும். அந்தக் கோப்பில் அதற்கு முன் ஏழு ஷெல்கள் குடியிருந்தன. ஏழு பேரையும் வெளியேற்றிவிட்டு மீனைத் தனிக்காட்டு ராஜாவாக உட்கார வைத்திருக்கிறேன். "தம்பி, உன் மெஷின்ல ஈடிசி ஷெல்ஸ்ல என்ன இருக்குன்னு கொஞ்சம் அனுப்பேன்" என்றேன், ஏதோ ஒப்பிட்டுப் பார்ப்பதற்குக் கேட்கிற மாதிரி. அவன் அனுப்பிவிட்டு, "மைனஸ் ஏ போடலையாண்ணே?" என்றான். வளர்ந்துவிட்டான் பயல்.

எல்லாம் சரிசெய்து, கணக்கின் ஷெல்லைத் திரும்ப இசட்ஷெல்லுக்கே மாற்றிவிட்டேன். உள்நுழைவு ஷெல் பழைய இலக்கணத்தைப் பேசும் என்று நம்பி எழுதிய நிரல்கள் நிறைய உண்டு. ஃபிஷ்ஷின் இலக்கணம் தனி. எதற்கு வம்பு? டெர்மினலின் அமைப்பிலும் எடிட்டரின் அமைப்பிலும் ஆளுக்கொரு வரி. அவ்வளவுதான் வேலையே. இதைக் காலையிலேயே செய்திருக்கலாம்.

மறுநாள் கூட்டத்தில் திரையைப் பகிர்ந்துகொண்டு வேலையை விளக்கினேன். பழைய கணினியிலிருந்து கட்டளை வரலாற்றையும் கொண்டுவந்திருந்தேன், அது நினைவில்லை. நிரலின் மாற்றத்தை ஒரு குறிப்போடு சேமிக்கும் 'கிட் கமிட்' என்று அடித்ததும் சாம்பல் நிறத்தில் மீதி வந்து நின்றது: 'கடவுளே, இதுவாவது ஓடட்டும்.' மேலாளர் மெதுவாகக் கேட்டார், "ஓடுச்சா?" ஓடியது சார் என்றேன். ஓடவில்லை. கட்டளைக்கு முன்னால் ஒரு இடைவெளி விட்டு அடித்தால் ஃபிஷ் அதை வரலாற்றில் வைக்காது. அன்றிலிருந்து எனக்கு முதல் விரல் இடைவெளிப் பட்டையில்தான்.

இவ்வளவு பாடுபட்டு மீனைக் குடிவைத்த அதே வாரம், ஒரு கருவியை நிறுவ நீளமான கட்டளை ஒன்றை ஒட்டினேன். அதில் இரட்டை இடது அம்புக்குறி போட்டுப் பல வரிகளைத் தள்ளும் ஹியர்டாக் இருந்தது. ஃபிஷ்ஷில் அது கிடையாது. வேறு வழியின்றி ஃபிஷ்ஷுக்குள்ளேயே 'பேஷ்' என்று அடித்தேன். 1989-இல் வந்த ஷெல் பெரியவர். பெயரைச் சொன்னாலே பேஷ் பேஷ் என்று பாராட்டுவது போலிருக்கும். மேக்கில் இருப்பதோ அவருடைய பழைய 3.2 பதிப்பு. உள்ளே வந்ததும் அவர் பேசிய முதல் வார்த்தை, இப்போது இயல்பு ஷெல் இசட்ஷெல், அதற்கு மாறிக்கொள்ளவும் என்பது. கூப்பிட்ட மனுஷனே அடுத்த வீட்டுக்குக் கைகாட்டுகிறார்.

வேலை முடிந்ததும் எக்ஸிட் அடிக்க மறந்தேன். நிறம் இல்லையே என்று 'ஃபிஷ்' அடித்தேன். பிறகு மறுபடி பேஷ். மறுபடி ஃபிஷ். சாயங்காலம் தம்பி வந்து, "எஸ்ஹெச்எல்விஎல் மாறியைப் பாருங்கண்ணே, எத்தனை ஷெல் ஆழத்துல இருக்கீங்கன்னு காட்டும்" என்றான். 5 என்றது.

எக்ஸிட். எக்ஸிட். எக்ஸிட். எண்ணிக்கொண்டேதான் வந்தேன். நாலோடு நிறுத்த வேண்டியவன் ஒன்று கூடுதலாக அடித்துவிட்டேன். ஜன்னல் போயே போய்விட்டது.

"பழைய டெர்மினலைத் திறக்கட்டுமாண்ணே?" என்றான்.