வேலி மேய்ந்தது, திருடன் காவலுக்கு வந்தான்: சிட்னியில் ஒரு நடை

சிட்னி சர்க்குலர் கீயில் படகை விட்டு இறங்குகிற கூட்டம் நேரே ஓபரா ஹவுஸுக்குப் போய்விடுகிறது. எதிர்ப்பக்கம், ஃபிலிப் தெரு முனையில், மணற்கல்லில் கட்டிய ஒரு பழைய கட்டடம் இருக்கிறது. 1850களில் துறைமுகப் போலீசுக்காக எழுந்தது. இப்போது நீதி, காவல் அருங்காட்சியகம். நூறு வருடத்துக்கு முன் பிடிபட்டவர்களின் புகைப்படங்கள் சுவர் முழுக்க. கோட்டும் தொப்பியுமாக, மாப்பிள்ளைத் தோரணையில் நிற்கிறார்கள். ஆனால் நான் தேடிப் போனது அதற்கும் முந்தைய கதையை.

1788 ஜனவரியில் பிரிட்டன் நாடுகடத்திய கைதிகளோடு 11 கப்பல்கள் இங்கே வந்தன. 700க்கு மேற்பட்ட கைதிகள், காவலுக்குக் கடற்படைச் சிப்பாய்கள். விளைச்சல் பொய்த்தது, கப்பலில் வந்த மாவும் உப்பிட்ட இறைச்சியும்தான் எல்லாருக்கும் உயிர். அந்தக் கிடங்கில் கை வைத்தால் தூக்கு.

1789 மார்ச்சில் ஒரு நாள் கிடங்குப் பூட்டுக்குள் முறிந்த சாவித்துண்டு ஒன்று சிக்கியிருந்தது. அதைக் கைதியான ஒரு கொல்லரிடம் காட்டினார்கள். பார்த்த மாத்திரத்தில், ஹன்ட் என்ற சிப்பாயின் சாவி இது என்று சொல்லிவிட்டார். ஹன்ட் அப்ரூவராக மாறியதும் குட்டு உடைந்தது. தங்கள் ஆள் பாரா நிற்கும் இரவில் மற்றவர்கள் உள்ளே புகுந்து அள்ளுவார்களாம், அதுவும் பல மாதங்களாக. ஆறு சிப்பாய்களைத் தூக்கில் போட்டார்கள்.

இதற்குப் பிறகு யாரை நம்புவது? தோட்டத்துக் காய்கறித் திருட்டும் ஓயவில்லை. ஜான் ஹாரிஸ் என்ற கைதி ஒரு யோசனை சொன்னார்: எங்களிலேயே ஒழுங்கானவர்களைப் பொறுக்கி ரோந்துக்கு விடுங்கள். கவர்னர் ஆர்தர் ஃபிலிப் ஒத்துக்கொண்டார். ஆகஸ்டில் 12 கைதிகள், நான்கு பகுதிக்கு மும்மூன்று பேராக, இராக்காவலுக்கு இறங்கினார்கள். ஆஸ்திரேலியாவின் முதல் போலீஸ் இதுதான். திருட்டு குறைந்தது. லண்டனின் பல தெருக்களுக்குக்கூட இவ்வளவு நல்ல காவல் இல்லை என்று நீதி அதிகாரி டேவிட் காலின்ஸே எழுதிவைத்திருக்கிறார்.

வம்பு வேறு இடத்தில் வந்தது. இரவில் கைதிகளின் குடியிருப்பில் திரிந்த ஒரு சிப்பாயை இவர்கள் பிடித்துவிட்டார்கள். சிப்பாய்களின் தளபதி மேஜர் ராபர்ட் ராஸுக்கு மூக்குக்கு மேல் கோபம். கைதி, சிப்பாயின் மேல் கை வைப்பதா? படைக்கே அவமானம் என்று குதித்தார். கலகமோ குற்றமோ செய்கையில் அகப்பட்டாலொழிய சிப்பாய்களைத் தடுக்கக் கூடாது என்று கவர்னர் உத்தரவை மாற்ற வேண்டியதாயிற்று. ஆறு பேர் தூக்கில் தொங்கி ஒரு வருடம்கூட ஆகவில்லை. என்ன ரோஷமோ!

இதே ஃபிலிப் தெருவில்தான் 1803இல் ஜோசப் லூக்கர் என்ற கான்ஸ்டபிளைக் கொன்றார்கள். அவரும் கைதியாக வந்தவர். சந்தேகத்தில் சிக்கியவர்களிலும் கான்ஸ்டபிள்கள் இருந்தார்கள்.

அங்கிருந்து மெக்குவாரி தெருவுக்கு ஏறினேன். 1810இல் போலீஸ் தலைவரான டார்சி வென்ட்வொர்த், இங்கிலாந்தில் வழிப்பறி வழக்குகளில் கூண்டேறி விடுதலையானவர். மருத்துவராக இங்கே வந்தார். தலைவரான கையோடு, மருத்துவமனை ஒன்றைக் கட்டித்தர இன்னும் இருவரோடு ஒப்பந்தமும் எடுத்தார். கூலி பணமல்ல, ரம் இறக்குமதி உரிமை. ஊரின் போலீஸ் தலைவரே சாராய வியாபாரி! அந்த மருத்துவமனையின் வடக்குக் கட்டடத்தில்தான் இன்று நியூ சவுத் வேல்ஸ் நாடாளுமன்றம் இயங்குகிறது.