பின்வளவில் வீடு கட்டப்போய் மரம் அளந்த கதை

அப்பாவுக்கு முழங்கால் ஏலாமல் போய், பேஸ்மென்ற் படி ஏறி இறங்குவது பெரும்பாடு ஆனபோதுதான் பின்வளவில் சின்னதாக ஒரு வீடு கட்டுவோம் என்று முடிவெடுத்தோம். ரொறன்ரோவில் 2022 முதல் 'கார்டன் சூட்' என்ற பெயரில் இப்படிக் கட்டலாம். ஸ்காபுறோவில் எங்கள் வளவு 45 அடி அகலம், பின்பக்கம் தாராளமாகக் கிடக்கிறது. வரைபடம் கீறுகிற அண்ணை வந்து சுற்றிப் பார்த்தார். "முதல்ல ஆர்போரிஸ்ட் றிப்போர்ட் எடுங்கோ தம்பி. அதுக்குப் பிறகுதான் நான் பென்சில் எடுப்பன்" என்றார்.

ஆர்போரிஸ்ட் என்றால் மரநிபுணர். நாங்கள் மரமே வெட்டப் போவதில்லை, பிறகு எதற்கு மர அறிக்கை என்று கேட்டேன். அவர் சிரித்ததன் பொருள் அப்போது விளங்கவில்லை.

பின்வளவில் எங்களுக்கு இருந்தது ஒரேயொரு நோர்வே மேப்பிள். மாநகரசபையின் விதி இதுதான்: நிலத்திலிருந்து 1.4 மீற்றர் உயரத்தில் அளக்கும்போது மரத்தின் விட்டம் 30 சென்ரிமீற்றர் அல்லது அதற்கு மேல் என்றால், அது உங்கள் காணியில் நின்றாலும் அனுமதியில்லாமல் கைவைக்க முடியாது. எந்த இனம் என்பது கணக்கில் இல்லை. நோர்வே மேப்பிளை வெளியிலிருந்து வந்து பரவிய களை என்று எல்லோரும் திட்டுவார்கள், ஆனால் அதற்கும் இதே சட்டம்தான். விட்டத்தை எப்படி அளப்பது என்று குழம்ப வேண்டாம். சுற்றளவு 94 சென்ரிமீற்றரைத் தாண்டினால் விட்டம் 30ஐத் தாண்டிவிட்டது. நான் அம்மாவின் தையல் நாடாவைக் கொண்டுபோய்ச் சுற்றினேன். 150 சென்ரிமீற்றர் நாடா, இரண்டு முனையும் சேர ஒரு விரற்கடை போதவில்லை.

அடுத்ததாக ஒரு பிழை விட்டேன். மரம் வெட்டுகிற ஒரு நிறுவனம் அறிக்கை இலவசம் என்றது. ஒருவர் வந்தார், பத்து நிமிடம் நின்றார், "இது பழுது, வெட்டத்தான் வேணும்" என்றார். மறுநாள் ஒரு பக்கக் கடதாசி வந்தது. அரைப்பக்கத்தில் மரத்தைப் பற்றி நாலு வரி, மீதி அரைப்பக்கத்தில் வெட்டுவதற்கான விலை. கீறுகிற அண்ணை அதை வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பித் தந்தார். அதில் அளவு இல்லை, படம் இல்லை, பக்கத்து வளவு மரங்களைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. வெட்டினால் காசு பார்க்கிறவரிடம் வெட்டலாமா என்று கேட்டது என் பிழைதான்.

பிறகு அறிக்கை மட்டுமே எழுதுகிற, சான்றிதழ் பெற்ற ஒருவரைப் பிடித்தேன். 650 டொலரும் வரியும். முப்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண், கையில் மஞ்சள் நாடாவும் ஒரு ரப்பர் சுத்தியலும். அந்த நாடாவில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. மரத்தைச் சுற்றிப் பிடித்தால் சுற்றளவைக் காட்டாது, நேரே விட்டத்தையே காட்டும். 48 என்று வாசித்தார். பிறகு சுத்தியலால் அடிமரத்தைச் சுற்றித் தட்டிக்கொண்டே வந்தார். ஊரில் பலாப்பழம் தட்டிப் பார்ப்பது போலத்தான். ஒரு இடத்தில் மட்டும் சத்தம் மந்தமாக மாறியது. "இங்கே கொஞ்சம் உக்கல் இருக்கிறது, ஆனால் விழுகிற மரம் இல்லை" என்று குறித்துக்கொண்டார்.

அத்தோடு போய்விடுவார் என்று நினைத்தேன். அவர் முன்பக்கம் போனார். வீதியோரம் நிற்கிற சின்ன மரத்தை அளந்து, அது மாநகரசபையின் மரம் என்றார். பன்னிரண்டு வருடமாக அதைச் சுற்றிப் புல் வெட்டுகிறவன் நான்! வீதிக்கென்று ஒதுக்கிய நிலம் நாங்கள் முன்முற்றம் என்று நினைக்கிற இடத்துக்குள்ளும் வருமாம். அங்கே நிற்கிற மரத்துக்கு 30 சென்ரிமீற்றர் கணக்கே கிடையாது. கைத்தடி மொத்தம் என்றாலும் பாதுகாப்பு உண்டு. ஹைலண்ட் கிறீக் பள்ளத்தாக்குப் பக்கம் இருக்கிற என் மச்சானுக்கும் இதே கதைதான், பள்ளத்தாக்குச் சட்டத்தின்படி அங்கே எந்த அளவு மரத்துக்கும் பாதுகாப்பு உண்டு.

பிறகு வேலியோரம் போய், எங்கள் எல்லையிலிருந்து 6 மீற்றருக்குள் அயலவர் வளவில் நிற்கிற பெரிய மரங்களையும் எழுதத் தொடங்கினார். அண்ணை ஏன் சிரித்தார் என்பது அப்போதுதான் விளங்கியது.

கிழக்குப் பக்கத்து வீட்டில், வேலிக்கு ஒரு மீற்றர் அப்பால், ஒரு சில்வர் மேப்பிள் நிற்கிறது. விட்டம் 74. மரத்தின் பருமனுக்கேற்ப அதைச் சுற்றி ஒரு பாதுகாப்பு வட்டம் உண்டு: 30 முதல் 40 சென்ரிமீற்றர் வரை என்றால் 2.4 மீற்றர், 41 முதல் 50 வரை 3 மீற்றர், 71 முதல் 80 வரை 4.8 மீற்றர். அந்த வட்டத்துக்குள் கிண்டக் கூடாது, மண் கொட்டக் கூடாது, வாகனம் ஏற்றக் கூடாது. வேரில் கைவைத்தால் அதுவும் மரத்தைக் காயப்படுத்தியதுதான், அதற்கும் தனி அனுமதி. கணக்குப் பார்த்தால், எனக்குச் சொந்தமில்லாத மரம் என் வளவுக்குள் 3.8 மீற்றர் வந்து உட்கார்ந்திருக்கிறது.

மேற்கு வேலியில் ஒரு மனிற்றோபா மேப்பிள், விட்டம் 33. அதன் அடி எங்கள் பக்கம்தான் என்று அப்பா அடித்துச் சொன்னார். காணி அளவைப் படத்தை வைத்து அளந்தபோது எல்லைக்கோடு அடிமரத்தின் ஊடாகவே போனது. ஒன்ராறியோ வனச் சட்டத்தின் 10ஆம் பிரிவின்படி அப்படிப்பட்ட மரம் இரண்டு பேருக்கும் பொது. ஒருவர் சம்மதமில்லாமல் மற்றவர் வெட்டினால் குற்றம். யாழ்ப்பாணத்தில் வேலிக் கதியால் ஒரு சாண் தள்ளி நட்டதற்கு மூன்று தலைமுறை பேசாமல் இருந்த குடும்பங்களைக் கண்ட அப்பாவுக்கு இது புதிதில்லை. "அப்ப அந்தாளிட்டைப் போய்க் கேள்" என்றார். போய்க் கேட்டேன். மேற்கு வீட்டுப் பெரியவர் கோபப்படவில்லை. காலையில் அந்த மரத்தின் நிழலில்தான் கோப்பி குடிப்பேன் என்று மட்டும் சொன்னார். அதற்கு மேல் நான் கேட்கவில்லை.

ஒன்பது நாளில் அறிக்கை வந்தது. பதினான்கு பக்கம். ஒவ்வொரு மரத்துக்கும் இலக்கம், இனம், விட்டம், உடல்நிலை, யாருடையது, கட்டப்போகிற இடத்திலிருந்து எவ்வளவு தூரம் என்று எல்லாம் இருந்தது. கூடவே வட்டங்கள் கீறிய வரைபடமும் படங்களும். வரைபடத்தைப் பார்த்தால் 13.7 மீற்றர் அகலத்தில் இரண்டு வட்டத்துக்கும் நடுவே மிஞ்சியது 7.5 மீற்றர். நாங்கள் நினைத்திருந்தது 8 மீற்றர் வீடு. என் சொந்த நோர்வே மேப்பிளோ கட்டடத்துக்குக் குறுக்கே வரவேயில்லை. தண்ணீர்க் குழாய்க்கு வெட்டுகிற கிடங்கு மட்டும் அதன் வட்டத்துக்குள் போனது. கிடங்கை மற்றப் பக்கமாக வளைக்கச் சொல்லி எழுதியிருந்தார்.

முந்திக் கீறாமல் இருந்ததால் எங்களுக்குக் காசு மிச்சம். கட்டட வரைபடத்தை முழுதாக முடித்து, பொறியியலாளருக்கும் காசு கொடுத்த பிறகு மர அறிக்கை எடுத்துத் திரும்பவும் கீறியவர்கள் எங்கள் தெருவிலேயே இருக்கிறார்கள். இன்னுமொன்று: காற்றில் முறிந்து விழப்போகிற மரம், செத்த மரம் இவற்றுக்கு விதிவிலக்கு உண்டு. ஆனால் வெட்டுமுன் படம் எடுத்து மாநகரசபைக்குக் காட்டிவிடுங்கள். வெட்டிய பிறகு அது செத்த மரம்தான் என்று நிரூபிக்க அடிக்கட்டை ஒன்றுதான் மிஞ்சும்.

அரை மீற்றர் குறைந்ததில் அம்மாவின் சாமியறை சாமி அலுமாரியாகிவிட்டது. அவவுக்கு அந்த மனத்தாங்கல் இன்னும் போகவில்லை.

வேலை தொடங்குமுன் வட்டங்களைச் சுற்றி பிளைவுட் அடித்து, படம் எடுத்து அனுப்பினோம். அப்பா கதிரையில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தார். "ஊரிலை வேலிக்கெண்டு மரம் நட்டம். இங்கை மரத்துக்கு வேலி அடிக்கிறாங்கள்."

மூன்றாம் வாரம் மாநகரசபையிலிருந்து ஒருவர் சொல்லாமல் வந்தார். பிளைவுட்டுக்கு உள்ளே எட்டிப் பார்த்தார். கொங்கிறீற் போடுகிற பொடியள் இடமில்லையென்று இரண்டு குவியல் மணலை அதற்குள்தான் கொட்டியிருந்தார்கள். இயந்திரம் உள்ளே போகக் கூடாதாம். அன்று பின்னேரம் நானும் இரண்டு பொடியளும் சவளால் அள்ளி வாளி வாளியாக வெளியே சுமந்தோம். மேற்கு வீட்டுப் பெரியவர் தன் பக்கத்து நிழலில் கதிரை போட்டு உட்கார்ந்து பார்த்தார், பிறகு உள்ளே போய் எங்கள் மூன்று பேருக்கும் கோப்பி கொண்டு வந்தார்.