இழுப்பறைக்குள் போய்விடும் காது மெஷின்

வாங்கிய மூன்றாம் வாரமே காது மெஷின் இழுப்பறைக்குள் போய்விட்டால், "போட்டுக்க வெட்கப்படுறார்" என்பார்கள் வீட்டார். வெட்கம் இல்லாமல் இல்லை. ஆனால் அந்த வெட்கத்தோடு சேர்ந்து, சொல்லத் தெரியாத ஒரு தொந்தரவும் பல நேரம் இருக்கும். அதைத் தீர்க்காமல் அறிவுரை சொல்வதில் பயனில்லை.

அதிகம் வரும் புகார், "என் குரலே பானைக்குள்ள பேசுற மாதிரி இருக்கு." இதற்கு எளிய சோதனை உண்டு. மெஷினைக் காதிலேயே வைத்து, அணைத்துவிட்டுப் பேசச் சொல்ல வேண்டும். அப்போதும் முழங்கினால் காது அடைபட்டிருப்பதுதான் காரணம்: எலும்பு வழியாக வரும் சொந்தக் குரல் வெளியேற வழியில்லாமல் உள்ளேயே சுழல்கிறது. துளையுள்ள ரப்பர் டோம் (காதுக்குள் போகும் மெல்லிய குமிழ்) மாட்டலாம், அல்லது மோல்டின் (காதின் வடிவத்துக்கு வார்த்த அச்சின்) காற்றுத் துளையைப் பெரிதாக்கலாம். அளவு மீறினால் வெளியே கசியும் சத்தம் மைக்குக்கே திரும்பி விசில் அடிக்கும். அணைத்ததும் முழக்கம் நின்றுவிட்டால், தாழ்ந்த சுருதிகளுக்கான பெருக்கத்தைச் சற்றுக் குறைத்துப் பார்க்க வேண்டும்.

அடுத்தது, "தட்டு, ஸ்பூன், பேப்பர் எல்லாம் கத்துது." வயதால் வரும் குறைபாட்டில் உயர்ந்த சுருதிகள்தான் முதலில் மங்கும். ஸ், ஷ், ஃப் போன்ற ஒலிகள் நழுவுவதால் பேச்சு காதில் விழும், புரியாது. பல வருடம் கேட்காமல் இருந்த மூளைக்கு அந்த ஒலிகள் திடீரென வந்தால் இரைச்சல்தான். எனவே தேவையான அளவைவிடக் கொஞ்சம் குறைவாகத் தொடங்கி, சில வாரங்களில் படிப்படியாக ஏற்றுவது நல்லது. முதல் சில நாட்கள் அமைதியான அறையில், ஒரே ஒருவரோடு, ஓரிரு மணி நேரம் போதும். சத்தம் போட்டுப் படிப்பது நல்ல பயிற்சி. கூட்டம் கடைசியில்தான். வெளியே போகும்போது மட்டும் மாட்டிக்கொள்பவருக்குக் காது பழகவே பழகாது.

"மெஷின் செத்துப்போச்சு" என்று கொண்டுவருவதில் பல, ஒலி வரும் முனையிலுள்ள குட்டி வடிகட்டியில் அழுக்கு அடைத்தவையே. அதை மாற்ற ஒரு நிமிடம் ஆகாது. காற்றுப் பட்டால்தான் இயங்கும் ஜிங்க் ஏர் பேட்டரியின் ஸ்டிக்கரைக் கிழித்ததும் சில நிமிடம் காற்றுப் பட விட்டுத்தான் போட வேண்டும். திரும்ப ஒட்டினாலும் அதன் தேய்மானம் நிற்காது. சிவப்புக் குறி வலது காது, நீலம் இடது. மாற்றி மாட்டினால் வலிக்கும், நழுவும்.

வீட்டார் நாள் முழுக்க "கேக்குதா, கேக்குதா?" என்று சோதிப்பதை நிறுத்த வேண்டும். கத்திப் பேசினால் சொல் உருக்குலையும். பெயர் சொல்லி அழைத்து, முகம் பார்த்து, நிதானமாகப் பேசினால் போதும்.

தினமும் எத்தனை மணி நேரம் போட்டார் என்பதைப் பல மெஷின்கள் தாமே பதிந்து வைக்கும். பதிவு ஒரு மணி நேரம் என்று காட்டினால் கடிந்துகொள்ளக் கூடாது. எந்த ஒரு மணி நேரம், யாரோடு பேசும்போது என்று கேட்க வேண்டும். அவருக்கு மெஷின் எங்கே உதவுகிறது என்பது அந்தப் பதிலில் இருக்கும். மறுநாள் இன்னொரு அரை மணி நேரத்தை அதோடுதான் சேர்க்க வேண்டும்.