தெரிந்ததை மட்டும் சொல்வது

தென்னாப்பிரிக்காவில் அரசுப் பணிக்கோ உள்ளாட்சிப் பணிக்கோ வருகிறவர்களின் காதில் அடிக்கடி விழுவது 'பாத்தோ பெலே' ('மக்களே முதலில்') என்ற பொதுச்சேவைக் கோட்பாடுகள்தாம். 1997-இல் வெளியான வெள்ளை அறிக்கை வகுத்த அந்த எட்டும் கலந்தாலோசித்தல், மரியாதை, தகவல், வெளிப்படைத்தன்மை, குறைதீர்த்தல் என்று நீளும். அவற்றில் குறை காண ஒன்றுமில்லை. ஆனால் கோபத்தோடு நிற்கும் ஒருவருக்குப் பதில் சொல்லும் வேளையில் மரியாதையும் தகவலும் ஒன்றோடொன்று முட்டிக்கொள்ளும் என்பதைப் பயிற்சி வகுப்புகளில் யாரும் சொல்வதில்லை. இனிமையாகப் பேச நினைக்கிற ஊழியர் உண்மையை மழுப்பிவிடுகிறார்.

2022 ஏப்ரலில் குவாசூலு-நட்டால் மாகாணத்தைத் தாக்கிய பெருவெள்ளத்தில் 400-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். டர்பனுக்கு வடக்கே உள்ள டொங்காட் ஊரின் நீர் சுத்திகரிப்பு நிலையம் சிதைந்துபோனதால் அவ்வூர் மக்கள் பல மாதங்கள் டேங்கர் தண்ணீரை நம்பியே இருந்தார்கள். அந்த நாட்களில் டர்பன் வட்டாரத்தில் டேங்கர்களுக்கு வழித்தடம் வகுக்கும் சிறு குழு ஒன்று என் பொறுப்பில் இருந்தது. தொலைபேசியில் கேட்பவர்களுக்கு, "வந்துகொண்டே இருக்கிறது, ஆண்ட்டி" என்று சொல்லுவது எங்கள் குழுவில் இருந்த பிள்ளைகளுக்கு வழக்கமாகியிருந்தது. அன்பாகச் சொன்னதுதான். ஆனால் அந்த ஒரு சொல்லை நம்பி வேலைக்குப் போகாமல் வீட்டில் இருந்தவர்களும், இருபது லிட்டர் கேன்களைத் தெருவோரம் அடுக்கிவிட்டு வெயிலில் உட்கார்ந்திருந்த முதியவர்களும் எத்தனை பேர் என்பதை வண்டியோடு போய்ப் பார்த்தால்தான் தெரியும்.

அந்தப் பதிலை நிறுத்தச் சொன்னேன். "வண்டி புறப்பட்டுவிட்டது", "இன்று வராது", "இன்னும் தெரியவில்லை; இரண்டு மணிக்கு நாங்களே அழைக்கிறோம்" என்ற மூன்றில் ஒன்றைத்தான் சொல்ல வேண்டும். இரண்டு மணிக்குப் புதிய செய்தி எதுவும் இல்லாவிட்டாலும் அழைத்தே தீர வேண்டும். மூன்றாவது பதிலைச் சொல்லத்தான் எல்லாரும் தயங்கினார்கள், ஏனென்றால் அதற்குத் திட்டு நிச்சயம். அரசமைப்புச் சட்டத்தின் 195-ஆம் பிரிவு, மக்களுக்கு உரிய நேரத்தில், எளிதில் கிடைக்கும்படி, துல்லியமான தகவல் தர வேண்டும் என்கிறது. திட்டு வாங்காமல் தர வேண்டும் என்று அதில் எங்கும் இல்லை என்று வேடிக்கையாகச் சொல்லுவேன்.

அதே பிரிவு பாரபட்சமின்மையையும் கேட்கிறது. அது நம்மவர்களிடம்தான் கடினம். கோயில் குழுவில் மூத்தவர் ஒருவர், என் அப்பாவோடு பழகியவர், நேரில் வந்து, "தம்பி, அன்னதானம் இருக்கு, ஒரு வண்டிய மட்டும் இந்தப் பக்கம் திருப்பி விடேன்" என்றார். கிளினிக், முதியோர் இல்லம், அதன்பின் தெருக்கள் என்று சூலுவிலும் ஆங்கிலத்திலும் அச்சிட்டு வாசலில் ஒட்டியிருந்த வரிசையை அவருக்குக் காட்டினேன். கோயில் இருக்கும் தெருவுக்கு மறுநாள்தான் முறை. "உங்கப்பா இருந்தா இப்படிச் சொல்லியிருக்க மாட்டாரு" என்று சொல்லிவிட்டுப் போனார். அப்பா என்ன சொல்லியிருப்பார் என்பதை நான் அவரோடு வாதிடவில்லை.

வரிசையை மாற்றச் சொல்லி வந்த கோரிக்கைகள் எல்லாம், கேட்டவர் பெயரும் காரணமும் முடிவும் சேர்த்து, ஒரே பதிவேட்டில் ஏறின. மருத்துவத் தேவைக்காகச் சிலவற்றை ஏற்கவும் செய்தோம். அந்தப் பதிவேட்டை யார் வேண்டுமானாலும் வந்து பார்க்கலாம் என்று தெரிந்த பிறகு, வரிசையை மாற்றச் சொல்லி கவுன்சிலர்களிடமிருந்து வந்த அழைப்புகள் வெகுவாகக் குறைந்தன.